சத்தம் போடாத கம்ப்யூட்டர்

சுகந்தினி கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாங்கப்போகும் கம்ப்யூட்டர் சத்தம் போடக்கூடாது. புளத்கொகுபிட்டிய டவுனில் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுக்கும் ரிப்கானுக்கு இது புது மாதிரியாக இருந்தது. கேம் விளையாட மெஷின் தேடி அவனிடம் வருகிறவர்கள் கலர் கலராக லைட் எரியுமா என்று கேட்பார்கள், பக்கத்தில் கண்ணாடி இருக்குமா என்று கேட்பார்கள். இவள் ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து, அவனை அண்ணன் முறையில் கூப்பிட்டு, "நானா, இது கத்துமா?" என்று கேட்டாள். நாய்க்குட்டி வாங்க வந்தவள்கூட இத்தனை தடவை கேட்டிருக்க மாட்டாள்.

வயது இருபத்தைந்து. அதே டவுனில் ஒரு கொமியூனிகேஷனில் போட்டோ கொப்பி எடுப்பதும் பில் கட்டிக் கொடுப்பதும் அவளுடைய வேலை. பின்னேரம் கூட்டம் குறைந்ததும் ஒரு மணித்தியாலம் கடைக் கம்ப்யூட்டரில் அவள் விளையாடுவதை முதலாளி கண்டும் காணாத மாதிரி விட்டுவிடுவார். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம் நின்று ஆடும் விளையாட்டு அது. இரண்டு வருடத்தில் அவள் அதில் கெட்டிக்காரியாகி, ஒரு அணியிலும் சேர்ந்துவிட்டாள். அணியில் இருந்த மற்ற நான்கு பேரின் முகத்தையும் அவள் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். தலைவன் கஜேந்திரன் கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். எதிராளி எந்தச் சுவருக்குப் பின்னால் எத்தனை எட்டு வைக்கிறான் என்பதைக் காதில் மாட்டிய ஹெட்செட்டிலேயே பிடித்துவிடுவாள் என்பதற்காகத்தான் அவன் இவளைச் சேர்த்தான். அப்படிப்பட்ட காது. அந்தக் காதை வைத்துக்கொண்டு வீட்டில் அவள் என்ன கோட்டை விட்டாள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அடுத்த மாதம் போட்டி. தினமும் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை பயிற்சி என்று கஜேந்திரன் சொல்லிவிட்டான். கொமியூனிகேஷன் ஆறு மணிக்கே மூடிவிடும். ஆகவே சொந்த மெஷின் வேண்டும். பிடித்துக்கொண்டிருந்த சீட்டும் நல்லவேளையாகக் கைக்கு வந்திருந்தது. எவ்வளவு என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் நாளைக்கே லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

சிக்கல் பணத்தில் இல்லை, வீட்டில் இருந்தது. வீடு என்றால், தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு காம்பரா, முன்னால் ஒரு சின்ன அறை, பின்னால் அடுப்பு. அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. மேசை போட ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அது அப்பாவின் கட்டிலுக்குத் தலைமாட்டில். அப்பா இராமசாமிக்கு மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை.

இருபத்தேழு வருடம் அவர் மேட்டில் இருக்கும் ஸ்டோரில் வேலை செய்தவர். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு இரவு வேலை. நீளநீளத் தொட்டிகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பிவைத்து, ஒவ்வொரு தொட்டியின் தலையிலும் ஆளுயரக் காத்தாடி ஒன்றை விடிய விடிய ஓடவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு முன்பு ஸ்டோரை மூடினார்கள். கொழுந்து இப்போது லொறியில் ஏறி வேறு தோட்டத்துக்குப் போகிறது. இராமசாமியை மலையில் புல் வெட்டப் போட்டார்கள். பகல் வேலை, இரவில் வீட்டுப் படுக்கை, இனி மனுசன் மற்றவர்களைப் போலத் தூங்கலாம் என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள்.

அவர் தூங்கவில்லை. கண்ணை மூடுவார், அரைமணி கழித்துத் தூக்கிவாரிப்போட்டு எழும்புவார். கதவைத் திறந்துகொண்டு வாசலில் போய் மேட்டைப் பார்த்து நிற்பார். திரும்பி வந்து படுப்பார், மறுபடி எழும்புவார். ஏன் என்று கேட்டால், "ஒண்ணுக்குப் போனேம்மா" என்பார். ஒரு ராத்திரிக்கு ஆறு தடவை ஒண்ணுக்குப் போகிற மனிதர் உலகத்தில் உண்டா? அவள் கேட்கவில்லை. ஒருநாள் தூறலில் போய் நின்றவர் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் சறுக்கி விழுந்து நெற்றியில் நான்கு தையல். பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது, இப்படியே தூங்காமல் இருந்தால் கை கால் விழுந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் நேராகவே சொல்லிவிட்டார். கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டும் எழும்பினார், எழும்பித் தள்ளாடினார்.

சுகந்தினிக்குப் பயம் பிடித்தது. ஸ்டோர் மூடியபின் ராத்திரி அமைதியாகிவிட்டதால் சின்னச் சத்தம்கூட அப்பாவுக்குப் பெரிதாகக் கேட்கிறது என்று அவளாகவே முடிவு கட்டினாள். சுவர்க்கடிகாரத்தின் பெட்டரியைக் கழற்றினாள். சொட்டுகிற குழாயில் துணி சுற்றினாள். பக்கத்துக் காம்பரா பிரேமலதா அக்காவிடம் போய்ப் பத்து மணிக்கு மேல் டீவியைக் குறைக்கச் சொன்னாள். தான் பாவித்துவந்த மேசைக் காத்தாடியையும் நிறுத்தி, சீலை போட்டு மூடி வைத்தாள். வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கும்படி ஆக்கினாள். அப்பாவுக்கு இன்னும் மோசமானது.

இந்த நிலைமையில் அவர் தலைமாட்டில் கேம் விளையாடும் கம்ப்யூட்டரை வைத்தால்? அவள் போனில் தேடித் தேடிப் படித்தாள். எந்த ஃபேன் எத்தனை டெசிபல் என்பது மனப்பாடமாகிவிட்டது. சத்தத்தை உள்ளேயே அமுக்கும் கேசிங் ஒன்று இருந்தது, சுவரெல்லாம் கனமான ஸ்பொஞ்ச் ஒட்டியது. மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காத கூலர் ஒன்று இருந்தது. இரண்டுக்கும் ஆன விலை, அவளுக்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டைத் தின்றுவிட்டது. அதற்குப் பதில் சின்னக் கார்ட் ஒன்றைப் பட்டியலில் எழுதினாள். பிராசஸர், ரேம், பவர் சப்ளை எல்லாம் அப்படியே இருந்தன.

கஜேந்திரன் பட்டியலைப் பார்த்துவிட்டு மறைக்காமல் சொன்னான். அந்தக் கார்டில் புகைக்குண்டு வெடித்தால் படம் திக்கித் திக்கித்தான் ஓடும், அந்த அரை நொடியில் ஆட்டம் போய்விடும். கார்ட் அதுதான் என்றால் அவளை ஆறாவது ஆளாக வைத்துக்கொள்கிறேன், யாராவது வராத நாளில் ஆடலாம் என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதனாலேயே அவளுக்குக் கூடுதலாக வலித்தது. சரி என்று எழுதி அனுப்பினாள். போட்டி வருடா வருடம் வரும், அப்பா ஒருவர்தான்.

ரிப்கான் வியாழக்கிழமை கொழும்புக்குப் போய்ச் சாமான்களைக் கொண்டுவந்தான். வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவுக்குக் கிளினிக். அவரைத் தனியாக விட மனமில்லாமல் அங்கிருந்தே கடைக்குக் கூட்டிவந்தாள், பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று ஒரு சாட்டுச் சொல்லி. கடை சின்னது. உள்ளே சுவரோரம் ஒரு நீள மேசை, அதன்மேல் ரிப்கான் புதுச் சாமான்களைப் போட்டுப் பார்க்கும் பழைய மெஷின். அதற்குப் பக்கத் தகடு கிடையாது. அதன் ஃபேன், மலை ஏறுகிற லொறி மாதிரி ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. மேசைப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் இராமசாமி உட்கார்ந்தார்.

அவளும் ரிப்கானும் கவுண்டரில் நின்று சாமான்களைப் பிரித்தார்கள். அந்தக் கேசிங்கைத் தட்டிப் பார்த்த ரிப்கானுக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு நல்ல பிராசஸருக்கு இந்தக் கார்ட் பொருத்தமில்லை, வேண்டுமானால் வேறொருவருக்காகக் கொண்டுவந்த பெரிய கார்ட் இருக்கிறது, கேசிங்கையும் கூலரையும் சாதாரணமாகப் போட்டால் காசு சரியாக வரும் என்று மூன்றாவது தடவையாகச் சொன்னான். அவள் மூன்றாவது தடவையாக வேண்டாமென்று தலையாட்டினாள். அப்பாவைக் காட்டிக் காரணம் சொல்லலாம் என்று திரும்பினாள்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

கண் மூடி உட்கார்ந்திருக்கிற தூக்கம் இல்லை. தலை சுவரில் சாய்ந்து, வாய் திறந்து, கையிலிருந்த கிளினிக் கொப்பி நழுவிக் கீழே விழுந்து, அது விழுந்ததும் தெரியாத தூக்கம். வெளியே கேகாலை பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது. அவர் அசையவில்லை. சுகந்தினிக்கு முதலில் பயம்தான் வந்தது, கிட்டப்போய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். நிம்மதியான மூச்சு சூடாக வந்தது. அவள் மூன்று மாதமாகக் கோயிலில் விளக்கேற்றிக் கேட்டது, ஒரு கம்ப்யூட்டர் கடையில் பிளாஸ்டிக் கதிரையில் கிடைத்தது.

பன்னிரண்டு மணி தாண்டியது. ஜும்ஆ தொழுகைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போகிறவன் ரிப்கான். சாவியைக் கையில் எடுத்தவன் கதிரையைப் பார்த்து நின்றான்.

"எழுப்ப வாணாம் தங்கச்சி. நான் ஷட்டரப் பாதிக்கு இழுத்துட்டுப் போறேன். நீங்க இரிங்க."

அவள் கீழே கிடந்த கொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எதிரே ஒரு காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் பிரித்த இடம் இன்னும் சிவந்திருந்தது. தூங்கும்போது அவருடைய முகம் இப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

ரிப்கான் தொழுதுவிட்டு வந்தான். ஷட்டரைச் சத்தமில்லாமல் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தான், தொப்பியை மடித்துப் பையில் வைத்தான், சும்மா ஓடுகிறதே என்று கைபோன போக்கில் அந்தப் பழைய மெஷினின் சுவிட்சை அணைத்தான். இரைச்சல் இறங்கி நின்றது.

அது நின்ற அதே நொடியில் இராமசாமி எழுந்து நின்றார். கண் சரியாகத் திறக்கவில்லை, ஆனால் கால் மேசையை நோக்கி நடந்தது. மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு, "மொகத உனே?" என்று சிங்களத்தில் கேட்டார். என்ன ஆச்சு என்று. ஸ்டோரில் இன்ஜின் ரூம் பார்த்த சிங்கள ஆளோடு அவர் பேசிய பாஷை அது. பிறகு சுற்றிமுற்றிப் பார்த்தார், கடை தெரிந்தது, மகள் தெரிந்தாள். வெட்கப்பட்டுப்போய்ச் சாரத்தை இழுத்துக் கட்டினார்.

"என்னப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. காத்தாடி நின்னுச்சில்ல. நின்னா கொழுந்து அவிஞ்சு போயிரும். சத்தம் கேக்குற வரைக்கும் ஓரத்துல கண்ணசரலாம், நின்ன ஒடனே எந்திரிச்சுப் பாக்கணும். ஒடம்புல ஊறிப்போச்சு."

சுகந்தினி அவரையே பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப வீட்டுல எதுக்குப்பா எந்திரிக்கிறீங்க?"

 இந்தத் தடவை ஒண்ணுக்குப் போனதாகச் சொல்லவில்லை.

"அதுவுந்தாம்மா நின்னுருச்சு."

அவளுக்கு அழுகை வந்தது. ஸ்டோர் மேட்டில், லயம் பள்ளத்தில். பிறந்த நாளிலிருந்து அந்தக் காத்தாடிகளின் சத்தத்துக்கு நடுவேதான் அவளும் வளர்ந்தாள், அப்படியிருந்தும் அதை ஒரு சத்தம் என்று ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை, இரவு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டாள். எதிராளியின் காலடியைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்கிறவள், வீட்டில் இல்லாமல் போனதைக் கேட்கவில்லை. அது போதாதென்று கடிகாரத்தை நிறுத்தி, குழாயை அடைத்து, மேசைக் காத்தாடியையும் நிறுத்தினாள். அந்த மனிதர் ஒவ்வொரு ராத்திரியும் எழும்பியெழும்பி எதைப் போய்த் தேடினாரோ, அதையெல்லாம் இவளே அன்போடு ஒவ்வொன்றாகப் பறித்திருக்கிறாள். கடையில் நின்று அழுவது என்ன அழகு என்று அடக்கிப் பார்த்தாள். அடங்கவில்லை. ரிப்கான் பாவம், எதையோ தேடுவதுபோல மேசைக்குக் கீழே குனிந்துகொண்டான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேசிங்கைக் கவுண்டரில் தள்ளி வைத்தாள்.

"நானா, இது வேணாம். கூலரும் வேணாம். சாதாரணமானதே போடுங்க. கத்துற ஃபேன் என்னென்ன இருக்கு?"

இத்தனை வருட வியாபாரத்தில் யாரும் கேட்காத கேள்வி என்று ரிப்கான் சிரித்தான். சிரித்துக்கொண்டே, முன்னால் வலைபோட்ட சாதாரணக் கேசிங் ஒன்றை இறக்கினான், பெரிய கார்டை எடுத்து வெளியே வைத்தான். மற்றவருக்கு அடுத்த வியாழன் வேறொன்று கொண்டுவந்து கொடுத்தால் போகிறது என்றான். அலுமாரியில் கிடந்த ஃபேன்களை ஒவ்வொன்றாக வயர் கொடுத்து ஓட்டிக் காட்டினான்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். அவள் தெரிவு செய்யவில்லை, இராமசாமி செய்தார். காதைச் சாய்த்து ஒவ்வொன்றையும் கேட்டார். முதலாவது விசில் அடிக்கிறது என்றார். இரண்டாவதின் மேல் ஒரு விரலை வைத்துவிட்டு, இதன் பேரிங் சரியில்லை, ஆறு மாதம் தாங்காது என்றார். அந்த மொடல் இரண்டு திரும்பி வந்ததை ரிப்கான் ஒப்புக்கொண்டான். நான்காவது ஓடியபோது அவர் கேட்டுக்கொண்டே நின்றார். கண் சொருகியது. சுகந்தினி அதிலேயே மூன்று போடச் சொன்னாள்.

பெட்டிகளோடு திரீவீலில் வீடு வந்து சேரும்போது ஐந்து மணி. ஆறரைக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. மூன்று ஃபேனும் சேர்ந்து கனத்த குரலில் இரைந்தன, பிரேமலதா அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கரண்ட் பில்லை மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஏழு மணிக்கு அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அணிக்குள் போனாள். என்ன கார்ட் என்று கஜேந்திரன் கேட்டான். பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம் நான்கு பேரும் ஒரேயடியாகப் பேசினார்கள். ஐந்தாவது ஆள் அவள்தான் என்றான் கஜேந்திரன்.

சந்தோஷத்தோடு திரும்பிப் பார்த்தாள். அப்பா படுக்கவில்லை. மாத்திரை போட்டு, சாப்பிட்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இழுத்துக்கொண்டு போனது, ஆனாலும் சாயவில்லை. அவள் ஒரு காதை மட்டும் விலக்கிக்கொண்டு, இதை ராத்திரி நிறுத்தமாட்டேன், படுங்கள் என்றாள். தெரியும் என்று தலையாட்டினார், அப்படியே இருந்தார்.

"என்னப்பா, இந்தச் சத்தம் சரியில்லையா?"

"சத்தம் நல்லாத்தாம்மா இருக்கு." கட்டில் விளிம்புக்கு நகர்ந்தார். "ஸ்டோருல காலையில அடுத்த ஆளு வருவான். ரெண்டு பேருமாத்தான் சுத்தி வருவோம். தொட்டிக்குத் தொட்டி கைய வச்சுப் பாப்பான். எத்தன மணிக்குப் போட்டது, எப்புடி ஓடுதுன்னு நான் சொல்லணும். எல்லாம் கேட்டுட்டு, சரி, நீ போங்குவான். அவன் சொல்லாம கீழ எறங்கக்கூடாது." கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "கடைசி நாளு ஸ்டோரப் பாத்துக்குற டீமேக்கர் ஐயா எல்லாத்தயும் நிப்பாட்டுன்னாரு. நிப்பாட்டிட்டு ஆபீஸ்ல சாவியக் குடுத்துட்டு வந்துட்டேன். யாரும் வந்து ஏத்துக்கலம்மா."

சுகந்தினி மைக்கில் ஒரு நிமிடம் என்றாள். ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து, கேசிங்குக்குப் பின்னால் போய் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் வந்தார். காற்று வெளியே வரும் இடத்தில் அவள் உள்ளங்கையை விரித்து வைத்தாள், அவரும் பக்கத்தில் வைத்தார்.

"எத்தன மணிக்குப் போட்டது?" என்று கேட்டாள்.

விளையாட்டுக்குக் கேட்கிறாளா என்று அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. இராமசாமியின் முதுகு நிமிர்ந்தது.

"ஆறரைக்கு. மூணு காத்தாடி. மூணும் ஒரே சீரா ஓடுது. காத்துல சூடு ஏறல."

"சரி. நான் பாத்துக்குறேன். நீங்க போங்க."

இரண்டு எட்டில் இருந்த கட்டிலுக்கு அவர் போனார். போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்செட்டை மாட்டினாள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், யாருடைய மைக்கிலோ கரகரவென்று ஏதோ சத்தம் வருகிறது, காலடி ஒன்றும் கேட்கவில்லை, யாராக இருந்தாலும் மைக்கை மூடுங்கள் என்றான் கஜேந்திரன்.

"அது என்னோடதுதான். எங்கப்பா தூங்குறாரு" என்றாள் சுகந்தினி. மைக்கை மூடவில்லை.